உறைக்குள் போகாத நகர்த்தல்

அத்தியாயம் 3

அண்ணி மூன்றாவது கியரிலேயே திருப்பத்தை எடுத்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த அவள் கொழுந்தன் பிரேக், காலடியில் வெறும் மிதியடிதான் கிடக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும், அதை ஓங்கி ஒரு மிதி மிதித்தான்.

"வண்டி நிக்கலையே தம்பி," என்றாள் அண்ணி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வண்டி நிக்கல அண்ணி. எனக்குத்தான் மூச்சு நின்னுச்சு."

டிரைவிங் ஸ்கூலில் பதினாறு வருடம், ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாஸ்டருக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பிழைத்தவன் அவன். அதனால் வந்த பெயர்தான் பிரேக். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருக்கிறது. வகுப்பு இல்லாத நேரமெல்லாம் அண்ணன் மனைவிக்கு உதவியாள். அண்ணி கோர்ட்டில் இருபத்தாறு வருடம் ஸ்டெனோவாக இருந்து, பொய்யையும் மெய்யையும் ஒரே வேகத்தில் சுருக்கெழுத்தில் பிடித்து, ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டு வாசலில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியவள். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு அண்ணன் மூன்று நாள் வீட்டில் பேசவில்லை. நான்காம் நாள், பலகை கோணலாகத் தொங்குகிறது என்று அவரே ஏணி போட்டு ஏறி நேராக்கினார்.

அன்றைக்குப் பிரேக்குக்குக் கிண்டல் வாயில்தான் இருந்தது, மனதில் இல்லை. சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டு நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. நான்கு நாளுக்கு முன் போட்டி மண்டபத்து வரவேற்பு மேஜையில், ஒரு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிய கையெழுத்து அதில் இருந்தது. உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் ஒருவரோடொருவர் மோதும் செஸ் போட்டி. பிரேக்கைக் கேட்டால், அதில் ஆட்டக்காரர் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரும் அவரிடம் தோற்க டிக்கெட் எடுத்து வந்தவர்கள். பலகையில் யானைகளை அவர் நடத்தும் அழகுக்காகப் பத்திரிகைகள் வைத்த பெயர் யானைக்காரர்.

"கையெழுத்துப் போட்டாரா, மேஜைய ஒரு தட்டு தட்டினாரா, கடைசில ஒரு புள்ளி வெச்சாரா, அப்புறம் நிமிர்ந்து என்னப் பார்த்தாரு அண்ணி. அந்தப் பார்வை போதும் எனக்கு," என்றான் பிரேக், ஏழாவது தடவையாக.

"உனக்குப் பின்னாடி இன்னும் எத்தன பேர் மிச்சம்னு பார்த்திருப்பாரு."

"அவருக்குப் போய் இப்படி ஒரு அநியாயம் நடக்கணுமா?"

"அநியாயம் யாருக்குன்னே இன்னும் தெரியல. நீ முந்திக்காத."

நடந்தது இதுதான். எட்டுச் சுற்று முடிந்து, அன்று மதியம் மூன்று மணிக்குக் கடைசிச் சுற்று. நேற்றைய எட்டாவது சுற்றில் யானைக்காரரின் ஆட்டம் மட்டும் நாற்பது நகர்த்தல் ஆகியும் முடியவில்லை. முடியாத ஆட்டத்தை மறுநாளுக்குத் தள்ளி வைப்பார்கள். அப்போது யாருடைய முறையோ அவர் தன் அடுத்த நகர்த்தலைப் பலகையில் ஆடாமல், ஆட்டம் முழுவதையும் குறித்து வரும் ஸ்கோர் ஷீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரவெல்லாம் யோசித்து, விடிந்ததும் நல்லதாக ஒன்றை ஆடிவிடலாமே. எழுதும் நேரத்தில் எதிராளி எழுந்து போய்விடுவார். நடுவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது அந்த உலகத்து மரியாதை.

யானைக்காரர் எழுதிக் கொடுத்தார். நடுவர் அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். காலை ஒன்பது மணிக்கு எல்லார் முன்னிலையிலும் உறையைக் கத்தரித்தபோது, உள்ளே ஒரு வெற்று ஸ்கோர் ஷீட் மடித்துக் கிடந்தது.

ஒரு மணி நேரத் தேடலில் உண்மையான ஷீட் கிடைத்துவிட்டது. கிடைத்த இடம்தான் விபரீதம். நடுவரின் மழைக்கோட்டுப் பை.

நடுவரின் மகள் அதே போட்டியில் டைப்பிஸ்ட். ஒவ்வொரு சுற்றின் ஆட்டங்களையும் டைப் அடித்துத் தாளாக வெளியிடுவது அவள் வேலை. அண்ணியிடம் சுருக்கெழுத்து படித்தவள். பத்தரைக்கு அவள்தான் போன் செய்தாள். "அக்கா, ரெண்டு மணிக்குக் கமிட்டி கூடுது. அப்பாவ வெளியே அனுப்பிட்டு, எல்லா நாட்டு செஸ் சங்கத்துக்கும் கடிதம் எழுதப் போறாங்க," என்றவள், அதற்குமேல் பேச முடியாமல் போனை வைத்துவிட்டாள்.

மண்டபத்துப் படியேறும்போது மணி பதினொன்றே முக்கால்.

போட்டி அமைப்பாளர் அலுவலக அறையில் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தால் யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று பயந்தவர் மாதிரி இருந்தது. அலமாரியைக் காட்டினார். பூட்டு உடையவில்லை. சாவி ஒன்றே ஒன்று, அதுவும் நடுவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில். உறையைக் காட்டினார். ஒட்டிய வாயின் மேல் இரண்டு ஆட்டக்காரர்கள், நடுவர் என மூன்று கையெழுத்தும் குலையாமல் இருந்தன. ஆனால் உறையின் அடி ஓரம் நனைந்து காய்ந்ததுபோல் சுருங்கியிருந்தது.

"அடியில ஈரம் பண்ணிப் பிரிச்சு, ஷீட்ட மாத்தி, திரும்ப ஒட்டியிருக்காரு," என்றார் அமைப்பாளர். "எதிர்த்து ஆடற பையன் சின்ன வயசுல இவர் நடத்தின கிளப்ல வளர்ந்தவன். வெற்றுத்தாள் வந்தா எழுதினவருக்குத் தோல்வின்னு விதி. பையன் ஜெயிக்கட்டும்னு பாசத்துல பண்ணிட்டாரு. எனக்கே வருத்தமாத்தான் இருக்கு மேடம்."

"மாத்தினவரு பழைய ஷீட்டக் கிழிச்சுப் போடாம, தன் கோட்டுலயே ஏன் வெச்சிருந்தாரு?"

"மறந்திருப்பாரு," என்றார் அமைப்பாளர். சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருத்தப்பட்டதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோட்டுப் பையில் கிடைத்த ஷீட்டை அண்ணி வாங்கிப் பார்த்தாள். பிரேக் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். ஒன்று முதல் நாற்பத்தொன்றுவரை வரிசையாக, நீல மையில், அவனுக்கு மனப்பாடமான கையெழுத்து. கடைசி வரியில் யானையின் நகர்த்தல்.

"கமிட்டி இத ஏத்துக்குமா?" என்றாள் அண்ணி.

"ஏத்துக்கத்தான் வேணும். அவர் எழுதினது கைக்குக் கிடைச்சிடுச்சே. ஆட்டம் இந்த நகர்த்தல்லேர்ந்து தொடரும்."

நடுவர் பக்கத்து அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது. கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டு, டை கட்டி, சுத்தமாக இருந்தார். முப்பது வருடமாகக் கோடு கிழித்ததுபோல் வாழ்ந்த மனிதர் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மகள் கதவோரம் நின்றாள்.

"அந்த உறைய நீங்க பிரிச்சீங்களா சார்?" என்று அண்ணி நேராகவே கேட்டாள்.

இல்லை என்ற சொல்லுக்காகப் பிரேக் காத்திருந்தான். அது வரவில்லை.

"பிரிச்சதா ஞாபகம் இல்ல," என்றார் நடுவர். கைகளைத் தொடையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். "ஞாபகம் இல்லைங்கறதும் பிரிக்கலைங்கறதும் ஒண்ணா அம்மா? நேத்து அந்த மழைக்கோட்ட இங்கயே விட்டுட்டு நனைஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் கோட்டு இல்லைன்னே தெரிஞ்சுது. ஒருவேள நான்தான் பண்ணியிருப்பேனோ?"

"அப்பா," என்றாள் மகள்.

"இன்னிக்கு எத்தனாவது சுற்று? எட்டா?"

பிரேக்குக்கு அந்த அறையில் நிற்கவே பிடிக்கவில்லை. திருடன் இல்லை என்று சாதிப்பவனை அவன் பார்த்திருக்கிறான், பிடிபட்டதும் அழுபவனைப் பார்த்திருக்கிறான். நான் திருடனா என்று அடுத்தவரைக் கேட்கிற மனிதரை அன்றுதான் பார்த்தான்.

வராந்தாவுக்கு வந்ததும் மகள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு மாசமா இப்படித்தான்கா. அடுப்பை அணைச்சோமான்னு நாலு தடவ பார்ப்பாரு. போட்டி முடியட்டும், டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருந்தேன். அப்பா பண்ணலைன்னு எல்லார்கிட்டயும் அடிச்சுச் சொல்றேன். ஆனா எனக்குள்ளயே…" அவள் முடிக்கவில்லை.

"உனக்குள்ள இருக்கறத ரெண்டு மணி வரைக்கும் வெளிய விடாத," என்றாள் அண்ணி.

எதிர்த்து ஆடியவனுக்கு இருபத்திரண்டு வயது. தலையில் இரண்டு சுழி இருப்பதால் ஆட்டக்காரர்கள் நடுவே அவன் பெயர் ரெட்டைச்சுழி. காலிப் பலகை முன்னால் காயே இல்லாமல் எதையோ ஆடிக்கொண்டிருந்தான்.

"உனக்காக உங்க பழைய மாஸ்டர் ஷீட்ட மாத்தினாருன்னு சொல்றாங்களே," என்றான் பிரேக். யானைக்காரருக்காக இவன் மேல் அவனுக்கு ஏற்கெனவே லேசான கோபம்.

"அவரா? சின்ன வயசுல ஒரு தடவ, தொட்ட காயைத்தான் ஆடணுங்கற விதிக்குப் பயந்து, நான் காயைத் தொட்டுட்டுத் தொடலைன்னு சொன்னேன். தான் நடத்தற கிளப்புன்னுகூடப் பார்க்காம என்னை ரெண்டு வாரம் வெளிய நிறுத்தினாரு," என்றான் ரெட்டைச்சுழி. "அது கிடக்கட்டும். யானைக்காரர் எழுதியிருக்கற மூவப் பார்த்தீங்களா? கமிட்டி அத ஏத்துக்கிட்டா நான் கைகொடுத்துட்டு எழுந்துடுவேன். ஆட ஒண்ணுமே இல்ல."

"அவ்வளவு நல்ல மூவா?"

"சிப்பாயத் தள்ளத்தான் யாருக்கும் கை போகும். தள்ளினா டிரா. யானையை நகர்த்தினா வெற்றி, ஆனா அத பார்க்கறது லேசு இல்ல. நான் ஹோட்டல் ரூம்ல பலகைய வெச்சுக்கிட்டு உருண்டு புரண்டு, விடிகாலை நாலு மணிக்குத்தான் கண்டுபிடிச்சேன். அவர் பலகை முன்னாடியே கண்டுபிடிச்சிருக்காரு. பெரிய ஆளுதான்."

"சொன்னேன்ல அண்ணி," என்று பிரேக் முகமெல்லாம் மலர்ந்தான். அண்ணியின் பென்சில் குறிப்பேட்டில் ஓடியது.

யானைக்காரர் ஓய்வறையில் இருந்தார். நாற்பத்து மூன்று வயது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பிரேக்கை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார். பிரேக்குக்குக் காலடியில் தரையே இல்லாமல் போயிற்று.

"எனக்குப் பெரியவர் மேல கோபமே இல்லைங்க," என்றார் அவர், மெல்லிய குரலில். "தண்டனை எதுவும் வேண்டாம்னு கமிட்டியில சொல்லப் போறேன். அவருக்கு ஞாபகம் தப்புது. ஆறாவது சுற்றுல என்கிட்டயே ரெண்டு தடவ கேட்டாரு, இது எத்தனாவது சுற்றுன்னு. அவருக்குக் கஷ்டமா இருக்கும்னு நான் வெளிய மூச்சு விடல."

"நல்ல மனசு," என்றாள் அண்ணி. "நேத்து சாயந்திரம் நடந்தத வரிசையா சொல்ல முடியுமா? எழுதிக்கறேன்."

"இதுல என்ன இருக்கு? அவன் எழுந்து போனான். பெரியவர் திரும்பி நின்னாரு. மூவ எழுதினேன், மடிச்சேன், உறையில போட்டேன், ஒட்டினேன். அதுக்கப்புறம்தான் கடிகாரத்த நிறுத்தினேன். அதான் முறை, ஒட்டற வரைக்கும் நம்ம நேரம்தானே ஓடும். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். குடுத்துட்டேன்."

"எத்தன நிமிஷம் யோசிச்சீங்க?"

"நாப்பது." அந்த ஒரு வார்த்தை மட்டும் கொஞ்சம் கரடுமுரடாக வந்தது. பக்கத்திலிருந்த தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

வெளியே வந்ததும் பிரேக் வாயைத் திறந்தான். "பார்த்தீங்களா, தனக்குக் கெடுதல் பண்ணினவருக்கே பரிஞ்சு பேசறாரு. இந்தக் காலத்துல…"

"வெளிய மூச்சு விடலைன்னாரு. நம்மகிட்ட மூணாவது நிமிஷத்துல விட்டுட்டாரே."

பிரேக்குக்குச் சுருக்கென்றது. அண்ணி அதற்குள் டைப்பிஸ்ட் அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

அந்த அறையில் மேஜை, டைப்ரைட்டர், எட்டுச் சுற்றுகளின் ஸ்கோர் ஷீட்டுகளும் அடுக்கிய அட்டைப் பெட்டி, இவ்வளவுதான். ஒரு மணியாகிவிட்டது. அண்ணி யானைக்காரரின் ஷீட்டுகளை மட்டும் எடுத்து வரிசையாகப் பரப்பினாள்.

"இந்தப் போட்டியில இதுக்கு முன்னாடி இவர் உறையில எழுதிக் குடுத்திருக்காரா?"

"மூணாவது சுற்றுல ஒண்ணு, ஆறாவதுல ஒண்ணு," என்றாள் மகள். "ரெண்டும் நாப்பத்தொண்ணாவது மூவ்தான். மறுநாள் உறையப் பிரிச்சு, அப்பாவே அந்த மூவப் பலகையில ஆடிக் காட்டிட்டு, ஷீட்ட அவர்கிட்ட திருப்பிக் குடுத்தாரு. அதே ஷீட்லதான் மிச்ச ஆட்டத்தையும் எழுதினாரு."

அண்ணி அந்த இரண்டு ஷீட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இதெல்லாம் என்ன?" என்று எதையோ சுட்டு விரலால் காட்டினாள்.

"அதுவா? அது அவர் பழக்கம். ஒவ்வொரு மூவுக்குப் பக்கத்துலயும் இருக்கும். முதல் நாள் மைக்கறைன்னு நினைச்சேன். நான் அத டைப் பண்றதில்ல."

பிரேக்கும் குனிந்து பார்த்தான். அவனுக்கு எழுத்துதான் தெரிந்தது, விஷயம் தெரியவில்லை.

"தம்பி, அந்த நோட்டைக் குடு."

"எந்த நோட்டு?"

"நாலு நாளா நெஞ்சுல வெச்சுத் தாலாட்டறியே, அந்த நோட்டு."

கொடுத்தான். அண்ணி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. கோர்ட்டில் தீர்ப்பு வருவதற்கு முன்பே தீர்ப்பு தெரிந்துவிட்ட நாட்களில் அவள் வீட்டுக்கு வரும் முகம் அது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

"அண்ணி, என்னன்னு சொல்லுங்க."

"ரெண்டு மணிக்கு உனக்கு மனசு கஷ்டமாயிடும். இப்பவே எதுக்கு?"

இரண்டு மணிக்கு நீள மேஜையைச் சுற்றிக் கமிட்டி ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். யானைக்காரர் மேஜையின் ஒரு பக்கம், ரெட்டைச்சுழி மறுபக்கம். நடுவருக்கு மேஜையில் இடம் இல்லை. சுவரோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மகள் அவர் பின்னால் நின்றாள். கழுத்துச் சாவியை ஏற்கெனவே கழற்றி மேஜையின் நடுவில் வைத்துவிட்டிருந்தார்கள்.

"ஷீட்டுல இருக்கறது இவர் கையெழுத்துதானான்னு ஒரு தடவ ஒப்பிட்டுடறேன். அப்புறம் நீங்க முடிவு பண்ணிக்குங்க," என்றாள் அண்ணி. வெற்று ஸ்கோர் ஷீட் ஒன்றை யானைக்காரர் முன்னால் வைத்தாள். "நீங்க நேத்து எழுதின அந்த மூவ இதுல ஒரு தடவ எழுதுங்க சார். நாப்பத்தொண்ணுங்கற வரியிலயே எழுதுங்க."

யானைக்காரர் பேனாவைத் திறந்தார். நகர்த்தலை எழுதினார். எழுதிய கை பேனாவோடு எழுந்து, வலப்பக்கம் நீண்டு, வெறும் மேஜைப் பலகையை மெல்ல ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. நகர்த்தலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தது. பேனாவை மூடினார்.

பிரேக்குக்கு வரவேற்பு மேஜை நினைவுக்கு வந்தது.

"தம்பி," என்றாள் அண்ணி, அவனைப் பார்க்காமலே. "நான் கார் ஓட்டறப்ப உன் கால் என்ன பண்ணும்?"

பிரேக் தன் காலைக் குனிந்து பார்த்தான். "பிரேக் போடும். அங்க பிரேக் இருக்காது."

"இவர் கை கடிகாரத்த அழுத்தும். இந்த மேஜையில கடிகாரம் இல்ல," என்றாள் அண்ணி, கமிட்டியைப் பார்த்து. "செஸ் ஆடறவங்க மூவ் முடிஞ்சதும் பக்கத்துல இருக்கற கடிகாரத்த அழுத்தி எதிராளி நேரத்த ஓட விடறாங்க. இவர் மூவ எழுதுவாரு, கடிகாரத்த அழுத்துவாரு, அழுத்தியாச்சு, இனி மாத்த முடியாதுன்னு ஒரு புள்ளி வைப்பாரு. எட்டுச் சுற்று ஷீட்டையும் பார்த்துட்டேன். என் கொழுந்தனுக்குப் போட்ட கையெழுத்துல கூட மேஜையத் தட்டிட்டுத்தான் புள்ளி வெச்சிருக்காரு."

"இருக்கட்டும். அதுல என்ன தப்பு?" என்றார் அமைப்பாளர்.

"தப்பு இல்ல சார். உறைக்குள்ள போற மூவுக்கு மட்டும் அந்தப் புள்ளி வரக் கூடாது. ஏன்னா இவரே என்கிட்ட சொன்னாரு." அண்ணி குறிப்பேட்டைத் திறந்து வாசித்தாள். "மூவ எழுதினேன், மடிச்சேன், உறையில போட்டேன், ஒட்டினேன். அதுக்கப்புறம்தான் கடிகாரத்த நிறுத்தினேன். கடிகாரத்துல கை வைக்கறப்ப ஷீட்டு உறைக்குள்ள ஒட்டிக் கிடக்குது. புள்ளிய எங்க வைப்பாரு? மூணாவது சுற்று ஷீட்டப் பாருங்க. நாப்பது வரைக்கும் புள்ளி இருக்கு. நாப்பத்தொண்ணுக்கு இல்ல. நாப்பத்திரண்டுலேர்ந்து மறுபடி வருது. ஆறாவது சுற்றுலயும் அப்படியே."

ஷீட்டுகள் கைமாறிப் போயின. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கோட்டுல கிடைச்ச ஷீட்டுல நாப்பத்தொண்ணுக்குப் பக்கத்துல புள்ளி இருக்கு," என்றாள் அண்ணி. "அது நேத்து பலகை முன்னாடி எழுதினது இல்ல. யாரும் இல்லாத அறையில, உட்கார்ந்து நிதானமா எழுதி, பழக்கதோஷத்துல மேஜையத் தட்டி, புள்ளி வெச்சது. காலையில யாரும் பார்க்காதப்ப கோட்டுல நுழைச்சிருக்காரு. உறையில போனது ஆரம்பத்துலேர்ந்தே வெற்றுத்தாள்தான். எழுதறப்ப எல்லாரும் முகத்தத் திருப்பிக்கற மரியாதைய இவர் பயன்படுத்திக்கிட்டாரு. உறையோட அடியில இருக்கறது, யாரோ பிரிச்ச மாதிரி தெரியட்டும்னு இவரே தொட்டுத் தடவின தம்ளர் தண்ணி."

யானைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "புள்ளிய நான் முன்னாடியே வெச்சிருக்கலாம்," என்றார். சொல்லும்போதே, அதை நம்புகிறவர் அந்த அறையில் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தனக்கு முன்னால் கிடந்த ஷீட்டில், ஒரு நிமிடத்துக்கு முன் தன் கையே வைத்த புள்ளியைப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை.

"நாப்பது நிமிஷம் யோசிச்சேன்," என்றார் கடைசியில். "சிப்பாயா, யானையா. பத்து வருஷத்துக்கு முன்னாடின்னா ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். கை எழுத மாட்டேன்னுடுச்சு. எனக்கு ஒரு ராத்திரி வேணும்னு தோணுச்சு. ஒரே ஒரு ராத்திரி."

"நான் நாலு மணிக்குக் கண்டுபிடிச்சேன்," என்றான் ரெட்டைச்சுழி. "நீங்க?"

"அஞ்சரை."

பிரேக்கால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "அது சரி சார். ஆனா அவர் கோட்டுல எதுக்குப் போட்டீங்க? இத்தன பேரு கோட்டு மாட்டியிருந்துச்சு இல்ல."

யானைக்காரர் அவனைப் பார்க்கவே இல்லை. அண்ணிதான் சொன்னாள். "வேற யார் கோட்டுல கிடைச்சிருந்தாலும், நான் இல்லைன்னு அந்த ஆளு கத்தியிருப்பான் தம்பி. இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாத மனுஷன் இங்க ஒருத்தர்தான். ஆறாவது சுற்றுலயே இவர் அதத் தெரிஞ்சுக்கிட்டாரு. வெளிய மூச்சு விடாம இதுக்குத்தான் பத்திரமா வெச்சிருந்தாரு."

பிரேக்குக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியாமல் கண் எரிந்தது. பதினேழு வருடமாக இந்த ஆளுடைய ஆட்டங்களைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டி வைத்தவன் அவன். பலகையில் எங்கே பலவீனம் என்று பார்த்துப் பார்த்து அடிக்கும் அந்தக் கண்ணைத்தான் அவன் அத்தனை நாளும் கொண்டாடியிருக்கிறான். அதே கண் ஒரு வயதான மனிதரை அப்படியே பார்த்திருக்கிறது.

கோட்டுப் பையில் கிடைத்த ஷீட்டை யானைக்காரர் தன் பக்கம் இழுத்துத் தோல்வி என்று குறித்தார். கையெழுத்துப் போட்டார். கை தானாக வலப்பக்கம் எழுந்தது. பாதியில் அதை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியேறினார்.

சுவரோர நாற்காலியில் நடுவர் இன்னும் அசையவில்லை. "அப்ப நான் பண்ணல," என்றார் மகளிடம்.

"நீங்க பண்ணலப்பா."

"நான் பண்ணல," என்று மறுபடி சொல்லிப் பார்த்தார், புதுச்செருப்பைப் போட்டு இரண்டு அடி நடந்து பார்ப்பவரைப்போல. மகள் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். காலையிலிருந்து அவருக்காக வாதாடி, உள்ளுக்குள் அவரைச் சந்தேகப்பட்டதற்கும் சேர்த்து அழுதாள்.

அமைப்பாளர் மேஜையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். மன்னிப்பு, பெரிய மனசு, வருந்துகிறோம் என்று ஏதேதோ சொல்லிவிட்டு, "மூணு மணிக்குக் கடைசிச் சுற்று. நீங்கதான் ஆரம்பிச்சு வைக்கணும்," என்றார்.

நடுவர் சாவியை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். திரும்ப அவரிடமே கொடுத்தார்.

"துணை நடுவரை ஆரம்பிக்கச் சொல்லுங்க. திருட்டு என்னுது இல்ல. அது போதும் எனக்கு," என்றார். "ஆனா அவன் என்னைத் தேர்ந்தெடுத்தான் பாருங்க, அந்தக் கணக்கு தப்பில்ல. கோட்ட நான்தான் விட்டுட்டுப் போனேன். இன்னும் என்னத்த எல்லாம் விட்டேனோ. உறைய வெச்சுக்கற ஆளு அப்படி இருக்கக் கூடாது."

அமைப்பாளர் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

காரில் மகள் முன்னால் உட்கார்ந்தாள். பிரேக் பின்னால், நடுவருக்குப் பக்கத்தில். மழைக்கோட்டு அவர் மடியில் மடித்து இருந்தது. அதை மறக்காமல் எடுத்துக் கொடுத்தவன் பிரேக்தான். அண்ணி கியரை மாற்றும்முன் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, சின்ன நோட்டைப் பின்னால் நீட்டினாள். "ஃபைலுக்கு அந்தப் பக்கம் வேணும். நீயே கிழிச்சுக் குடு."

அவன் பக்கத்தை ஒழுங்காக, ஓரம் பிசிறு இல்லாமல் கிழித்துக் கொடுத்தான். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கிண்டல் வரும் என்று அண்ணி சற்றுக் காத்திருந்தாள். வரவில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

முதல் திருப்பத்தை அண்ணி வழக்கம்போல வேகமாகத்தான் எடுத்தாள். பிரேக்கின் கால் எழவில்லை. அவன் கை மட்டும் பக்கத்தில் நீண்டு, பெரியவர் சாய்ந்துவிடாமல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

மண்டபம் பின்னால் மறைந்த பிறகு நடுவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி ஆக இரண்டு நிமிடம் இருந்தது. முகத்தில் சின்னப் பதற்றம் எழுந்தது.

"தம்பி, இன்னிக்கு எத்தனாவது சுற்று?"

முன் இருக்கையில் மகளின் தோள் அசையாமல் நின்றது.

"ஒன்பதாவதுங்க சார்," என்றான் பிரேக். "கடைசிச் சுற்று. ஆரம்பிக்க ஆள் இருக்கு, நீங்க கவலப்படாதீங்க."

"நல்லது," என்றார் அவர், கோட்டைத் தடவிக்கொண்டே. பாலம் தாண்டுவதற்குள் மறுபடியும் கேட்டார். அவன் மறுபடியும் சொன்னான்.